ஒன்பதாம் பத்தி

அது 1986. தஞ்சாவூரில் மொழிபெயர்ப்பில் எம்.ஏ. படிக்கப்போவதாகச் செவ்வந்தி சொன்னபோது, நீடாமங்கலம் பக்கத்திலுள்ள அவள் தெருவில் யாருக்கும் அது விளங்கவில்லை. "அதைப் படிச்சா என்ன உத்தியோகம்டி தருவாங்க?" என்று பொன்னுத்தாய் அத்தை சிரித்தாள். ஆனாலும் அவள் பஸ் ஏறும்போதெல்லாம் தெருவின் எட்டுக் குடும்பமும் மதகடி வரை வந்து வழியனுப்பும்.

மறுவருஷம் ஐப்பசியில் கோர்ட்டுத் தீர்ப்பு வந்தது. எட்டுக் குடும்பமும் சேர்ந்து பயிரிட்ட குத்தகை நிலம் பண்ணையாருக்கே என்று சொல்லிவிட்டார்கள். ஏன் தோற்றோம்? காகிதம் முழுக்க இங்கிலீஷ்.

"நீ படிக்கிறதே இதானே ஆயி, தமிழ்ல எழுதிக் குடு" என்றார் வீரையன் மாமா. "அப்பீலுக்கு வக்கீலு சாட்சி கேக்கிறாரு. எதுக்குச் சாட்சின்னே நமக்குத் தெரியல."

விடுதி அறையில், ஒன்பதாம் பத்தியில் அவள் பேனா நின்றுவிட்டது. குத்தகைச் சீட்டில் பெயருள்ள மருதையன், நிலத்தைத் தாமே விட்டுக்கொடுப்பதாகக் கைநாட்டு வைத்திருக்கிறார்.

மருதையன் அவள் அப்பா!

அவளுக்குப் புரிந்துவிட்டது. களத்தில் நெல் அளந்து முடிந்ததும் பண்ணையாரின் காரியஸ்தர் ஒரு சீட்டு நீட்டுவார். தெரு முழுவதற்குமாக அப்பா ஒருவர்தான் கைநாட்டு வைப்பார். என்ன சீட்டு என்று கேட்கும் வழக்கமில்லை. கேட்டால் அளந்தவரைச் சந்தேகப்பட்டதாகிவிடும். அப்படி நீட்டிய ஒரு சீட்டுதான் இது.

அந்தப் பத்தியை விட்டுவிட்டால்? அப்பா தலை குனிய வேண்டாம். ஆனால் எதற்குச் சாட்சி என்றே தெரியாமல், களத்தில் நடந்ததைச் சொல்ல ஒருவரும் வரமாட்டார்கள். நிலம் போனது போனதுதான். பக்கத்துக் கட்டில் பெண்ணிடம்கூட வாய் திறக்க முடியவில்லை. இரண்டு மொழி தெரிந்தவளுக்கு, அழுது சொல்ல ஓர் ஆள் இல்லை!

ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் வாசலில் எல்லோர் முன்னும் படித்தாள். ஒன்பதாம் பத்தியையும் படித்தாள்.

"அண்ணே, ஒங்க வெரல நம்பித்தானே நாங்க இருந்தோம்!" என்று பொன்னுத்தாய் மாரில் அடித்துக்கொண்டாள். பிறகு செவ்வந்தி பக்கம் திரும்பினாள். "பெத்த அப்பனை நடுத்தெருவுல நிறுத்தத்தான் படிச்சியாடி?"

வீரையன் மட்டும் மெல்ல எழுந்தார். "நெல்லுச் சீட்டுன்னு சொல்லித்தான் வாங்குனாங்க. நான் பக்கத்துல நின்னேன். எந்தக் கோர்ட்டுலயும் சொல்றேன்."

சாட்சி கிடைத்தது. மறுநாள் காலை மதகடியில் அவளை வழியனுப்ப யாரும் வரவில்லை.

கார்த்திகைக் கடைசியில் அப்பா விடுதி வாசலுக்கு வந்தார். கையில், அவர் சொல்வதாக வக்கீல் இங்கிலீஷில் தயாரித்த வாக்குமூலம்.

"கைநாட்டு வைய்யின்னாங்க. எம் மவ படிச்சாத்தான் வைப்பேன்னு தூக்கிட்டு வந்துட்டேன்."

அவள் வரி வரியாகத் தமிழில் சொன்னாள். அவர் கண்களை மூடிக் கேட்டார்.

"ஒண்ணும் விடலயே?"

"விடலப்பா."

அவர் விரலை அழுத்தி வைத்தார். போகும்போது திரும்பாமலே சொன்னார். "பொங்கலுக்கு வராத ஆயி. தெருவுல கோவம் இன்னும் ஆறல."

அவர் ஏறிய பஸ் மறையும்வரை அவள் வாசலிலேயே நின்றாள்.