வௌவால் மாடன்

இப்போது செருப்பு வாரை மாட்டக் குனிவதற்கே எனக்கு ஒரு சுவர் வேண்டியிருக்கிறது. ஒரு காலத்தில் எட்டரை அடி உயரக் கம்பத்தின் உச்சியில் தலைகீழாகத் தொங்கினேன் என்று சொன்னால், என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் பாளையங்கோட்டையில் கல்லூரிக் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். படித்ததைவிட மல்லர் கம்பம் ஏறியதுதான் அதிகம். தரையில் நட்ட தேக்குக் கம்பத்தில் ஏறி, உடம்பை வளைத்துச் சுற்றித் தொங்கும் விளையாட்டு அது. கம்பம் மேலே போகப்போக ஒடுங்கும். உச்சியில் ஒரு குமிழ், அதற்குக் கீழே கழுத்து மாதிரி ஒரு இடம். மரத்துக்கு விளக்கெண்ணெய் தடவவேண்டும். குறைந்தால் தொடைத் தோல் உரியும், கூடினால் ஆள் உரிந்து கீழே வருவான்.

அதில் 'வௌவால்' என்று நாங்கள் சொல்லும் ஒரு பிடி உண்டு. உச்சிக்கு ஏறி, தலைகீழாகத் திரும்பி, கம்பத்தின் கழுத்தைத் தொடைகளால் கவ்விக்கொண்டு, இரண்டு கைகளையும் விட்டு விரிக்கவேண்டும். பத்து எண்ணும்வரை அசையக்கூடாது. மாவட்டத் தேர்வில் அதைச் செய்கிறவனைத்தான் மாநிலப் போட்டிக்கு எடுப்பார்கள். அந்தச் சான்றிதழ் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு மனுப் போடலாம். கிடைக்காவிட்டால் பம்பாய் தாராவியில் பெரியப்பா மகனின் மளிகைக்கடை. அப்பா டிக்கெட்டுக்கே சொல்லிவைத்துவிட்டார்.

"கம்பத்துல தொங்குனது போதும். இனி தராசுல தொங்கு" என்றார்.

என் சிக்கல் வலது கை. இடது கையை விட்டுவிடுவேன். வலது கை விடாது. அதற்குத் தனியாக ஒரு மூளை இருந்தது, என்னுடையதைவிடப் பிழைக்கத் தெரிந்த மூளை.

கல்லூரிக் கம்பத்தில் நேரம் போதவில்லை என்று நானும் என் கூட்டாளியும் சொந்தமாக ஒரு கம்பம் நட்டோம். அவன் பத்தமடைக்காரன், பாய் நெய்கிற குடும்பம். ஏறுவதற்கு அவன் உடம்பு கொஞ்சம் அதிகம். கீழே நின்று, நான் விழுந்தால் பிடிப்பதுதான் அவன் வேலை. எங்கள் ஊர் சேரன்மகாதேவியில், கால்வாய்க்கரையை ஒட்டி அவன் மாமாவுக்கு ஒரு தென்னந்தோப்பு இருந்தது. இடித்த வீடு ஒன்றின் தூணை வாங்கி இழைத்து அங்கே நட்டோம். சுற்றிலும் ஆற்று மணல் கொட்டினோம். சாயங்காலம் போகும்போது மணலைக் கிளறி, பலகையால் சமமாக இழுத்துவிட்டுப் போவோம். விடியற்காலையில் வந்து ஏறுவோம்.

எங்கள் பக்கத்தில் காவல்தெய்வம் மாடனின் பீடம் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மேலே ஒடுங்கிய ஒரு தூண், அவ்வளவுதான். அதற்கும் எண்ணெய்தான் பூசுவார்கள். திருநீறு பூசிக்கொண்டு வளர்ந்த எனக்கு, எங்கள் கம்பமும் அப்படித்தான் நிற்கிறது என்று தோன்றியிருக்கவேண்டும். தோன்றவில்லை.

ஒரு நாள் காலை போனால், கம்பத்தில் நெஞ்சு உயரத்துக்குச் சந்தனம். அதன் நடுவில் குங்குமம்.

"லே, இது யாரு பொட்டு வச்சிருக்கது?" என்றான் கூட்டாளி.

"நம்மள மாப்பிள பாக்க வந்துருப்பாவ. நாம இல்லன்னதும் கம்பத்துக்கு வச்சிட்டுப் போயிருப்பாவ."

சிரித்துக்கொண்டே துண்டால் துடைத்தேன். மரத்தில் ஒரு மஞ்சள் நிழல் மட்டும் போகவில்லை.

மறுவாரம் கம்பத்தடியில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. பக்கத்தில் மணலில் ஒரு சுருட்டு நட்டுவைத்த மாதிரி நின்றது. பாதி எரிந்திருந்தது, இன்னும் புகைந்துகொண்டிருந்தது. தோப்பில் யாரும் இல்லை. காற்றே இல்லாமல் அந்தப் புகை கம்பத்தை ஒட்டி மேலே போய், கழுத்தில் ஒரு சுற்று சுற்றிக் கலைந்தது.

"எங்க வாப்பாவுக்குத் தெரிஞ்சா என்னைய இந்தக் கம்பத்துலயே கட்டிருவாரு" என்றான் அவன்.

"கட்டட்டும். உனக்கும் ஒரு சுருட்டு கிடைக்கும்லா."

அன்றைக்கு நான் தலைகீழாகத் தொங்கும்போது, பனிமூட்டத்துக்குள் தென்னைகள் எல்லாம் வானத்தில் வேர்விட்டு நின்றன. கால்வாய்க்கரை தலைக்குமேலே ஓடியது. அந்தக் கரையில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. பாதங்கள் மட்டும், என்னைப் பார்த்தபடி. நான் சுற்றி இறங்கிப் பார்த்தபோது கரை காலியாகக் கிடந்தது.

"என்னலே பாக்க?"

"ஒண்ணுமில்ல" என்றேன். அன்றைக்கு வேறு எந்த நகைச்சுவையும் எனக்கு வரவில்லை.

மூன்றாவதாக மாலை. அரளி மாலை, அப்போது கட்டியது மாதிரி ஈரத்தோடு இருந்தது. கம்பத்தின் கழுத்தில், குமிழுக்குக் கீழே தொங்கியது. கூட்டாளி மாலையைப் பார்க்கவில்லை, கீழே மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான். முந்தின சாயங்காலம் பலகை இழுத்த கோடுகள் அப்படியே இருந்தன. ஒரு காலடி இல்லை.

"ஏணி வச்சிருந்தா குழி விழுந்துருக்கணும்லா" என்றான் பைய.

அந்த மாலையை எடுக்க யாராவது ஒருவர் ஏறவேண்டும். ஏறத் தெரிந்தவன் நான்தான். எனக்கு அன்றைக்குத் தொடையில் வலி என்று சொன்னேன். மாலை அங்கேயே காய்ந்தது. அதற்குக் கீழேயே, கழுத்தைத் தொடாமல், ஒரு வாரம் ஏதோ பயிற்சி என்று செய்துகொண்டிருந்தேன்.

தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, விடிந்தும் விடியாமல் போனோம். கம்பத்தின்முன் ஒரு பெண் கண்ணை மூடி நின்றாள். கால்வாயில் துணி துவைக்க வருகிறவள், முகம் பழக்கம். எங்களைக் கண்டதும் ஒதுங்கி நின்றாள்.

"எய்யா, இந்தச் சாமி ஒங்க வகையறா சாமியா?"

"சாமி இல்லக்கா. இது நாங்க நட்ட கம்பம்" என்றேன்.

"நட்டது நீங்களா இருக்கலாம். வந்து நிக்கது யாரு?" என்றாள். "எட்டு மாசமா சவுதியில இருந்து ஒரு கடுதாசி இல்ல. எங்க வீட்டு மனுசன் இருக்காரா இல்லையான்னு தெரியாம கெடந்தேன். ஒரு வெள்ளிக்கெழம உச்சிவேளையில இங்கன துணி அலசிட்டு நிமிந்து பாக்கேன், அந்தக் கம்பத்து உச்சியில சாமி தலகீழா தொங்குதாரு. மறுநாளே கடுதாசி வந்துட்டு. அதான் சந்தனம் வச்சேன், சுருட்டு வச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா, அது நாந்தான்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு தெய்வத்தோடு என்னை ஒப்பிட்டுப் பார்த்த முதலும் கடைசியுமான பார்வை அது. நான் பாஸாகவில்லை.

"நீங்க தொங்குததையுந்தான் கரையில நின்னு பாத்துருக்கேனே. ஒத்தக் கையால பிடிச்சிட்டு, பல்லி மாதிரி. அவரு ரெண்டு கையையும் விரிச்சிட்டுல்லா தொங்குனாரு. நான் ஒரு சேலை அலசிப் பிழியுத வரைக்கும் அசையல."

கரையில் நின்ற பாதங்களுக்குக் கணக்குத் தீர்ந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை மத்தியானம் கூட்டாளி ஜும்மாவுக்குப் போய்விடுவான். நான் கல்லூரியில் இருப்பேன். ஒரு வெள்ளிக்கிழமைகூட நாங்கள் அந்த நேரத்தில் தோப்புக்கு வந்ததில்லை.

"மாலையும் நீங்க போட்டதுதானக்கா?" என்றான் கூட்டாளி.

அவள் அண்ணாந்து பார்த்தாள். "எனக்கு அது எட்டுமாய்யா? நீங்க போட்டியன்னுல்லா நெனச்சேன்."

பிறகு அவள் என் காலைப் பார்த்துக் கேட்டாள்: "இனிமே அதுல கால் படலாமா?"

நான் அவளிடம் தாராவியைச் சொன்னேன். தேர்வைச் சொன்னேன். இரண்டு நாள்தான் இருக்கிறது என்றேன். அவள் யோசித்துவிட்டு, "அப்ப கேட்டுட்டு ஏறுங்க" என்றாள்.

கால்வாயில் காலைக் கழுவிவந்து, இடித்த வீட்டுத் தூணின்முன் கைகூப்பி நின்றேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. 'ஏறட்டுமா' என்று மட்டும் மனதுக்குள் கேட்டேன்.

"கேட்டாச்சுல்லா, ஏறுலே" என்றான் கூட்டாளி.

ஏறினேன். வெயில் இன்னும் வரவில்லை, மரம் சூடாக இருந்தது. இப்போதுதான் யாரோ இறங்கிப்போன நாற்காலி மாதிரி ஒரு சூடு. திரும்பித் தலைகீழானேன். காய்ந்த அரளி தொடையில் உரசியது. இடது கையை விட்டேன். வலது கை வழக்கம்போல இறுகியது. அப்புறம் அது திறந்தது. முதலில் சுண்டுவிரல், அடுத்து மோதிரவிரல், இப்படி ஒவ்வொன்றாக. மிட்டாயை மூடிப் பிடித்திருக்கும் குழந்தையின் கையை அவசரமில்லாமல் பிரிப்பார்களே, அதுபோல. கூட்டாளி கீழே பத்துவரை எண்ணினான். நான் விழவில்லை. கீழே வானம் கிடந்தது. பயம் சுத்தமாக இல்லை. அதை நினைத்துத்தான் பிற்பாடு பயந்தேன்.

இறங்கியதும் கூட்டாளி கேட்டான்: "கைய நீதான விட்ட?"

"பின்ன யாரு?"

"இல்ல, ஒவ்வொரு வெரலால்லா விட்ட. அதான் கேட்டேன்."

தேர்வு மைதானத்துக் கம்பம் நல்ல கம்பம். வழவழப்பாக, எண்ணெய் அளவாக இருந்தது. ஏறி, தலைகீழாகத் திரும்பி, இடது கையை விட்டேன். வலது கையை யாராவது வந்து திறப்பார்கள் என்று காத்திருந்தேன். அது வெறும் மரம். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பல்லி மாதிரி இறங்கிவந்தேன்.

அடுத்த வாரம் பம்பாய் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். கம்பத்தைப் பிடுங்குவது பற்றி நாங்கள் இரண்டு பேருமே பேசவில்லை.

மூன்று வருஷம் கழித்து லீவில் வந்தபோது தோப்புக்குப் போனேன். கம்பத்துக்குத் தகரக் கூரை போட்டிருந்தார்கள். சவுதியிலிருந்து திரும்பிய அவள் புருஷன் செலவு. குமிழுக்குப் பட்டுத் துண்டு, கழுத்தில் வெள்ளிக் கண்கள். கண்கள் தலைகீழாக இருந்தன.

அவள் எனக்குத் திருநீறு கொடுத்தாள். என்னை அடையாளம் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

"வௌவால் மாடன்" என்றாள். "வேண்டிக்கிட்டா நடக்கும். எப்ப வேணும்னாலும் வரலாம், வெள்ளிக்கெழம உச்சிவேளையில மட்டும் யாரும் வரப்பிடாது. அது அவரு ஏறுத நேரம்."

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மணி பதினொன்று ஆகியிருந்தது. இருந்து பார்த்திருக்கலாம். மூன்று வருஷம் பருப்பு நிறுத்துப் போட்டவனுக்கு, தேர்வில் தன் கையைத் திறக்க வராதவரிடம் கேட்க ஒரு கேள்வியாவது இருந்திருக்கும். நான் ஓடிப்போய் திருநெல்வேலி பஸ்ஸைப் பிடித்தேன். வெளியே பார்க்காமல் குனிந்தே உட்கார்ந்திருந்தேன். பத்தமடை தாண்டும்வரை என் வலது கை ஜன்னல் கம்பியை விடவில்லை.