வலது கை செய்த ஒட்டகம்

பல் தேய்க்கும்போதுதான் தெரிந்தது. பிரஷ்ஷைப் பிடித்த வலது கை மணிக்கட்டிலிருந்து மடங்கித் தொங்கியது. தூக்கு என்று மனதுக்குள் சொன்னேன், தூக்கவில்லை. விரல்களையும் நீட்ட முடியவில்லை. வலி கொஞ்சமும் இல்லாததுதான் பயமாக இருந்தது. நான் ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். அதன் லீவர்கள் எல்லாம் வலது கைப்பக்கம் இருக்கின்றன.

அது டிசம்பர் மாதம். முந்தைய நாள் டபுள் டூட்டி முடித்து வந்து, நாங்கள் தங்கியிருக்கும் தொழிலாளர் கேம்ப் வாசலில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்தேன். பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகுக்கு மேலே கையைத் தொங்கவிட்டபடி அப்படியே தூங்கிவிட்டேன். எழுந்தபோது கை மரத்திருந்தது. குளிர்தானே என்று நினைத்து உள்ளே போய்ப் படுத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் முதலில் தலையை ஸ்கேன் செய்தார்கள். பக்கவாதம் இல்லை என்ற பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. ரேடியல் நரம்பு (மணிக்கட்டையும் விரல்களையும் மேலே தூக்கும் தசைகளை இயக்கும் நரம்பு) நாற்காலி முதுகு அழுத்தியதில் நசுங்கியிருக்கிறது என்றார் டாக்டர். ஸ்பிளின்ட் (மணிக்கட்டு தொங்காமல் தாங்கும் பட்டை) மாட்டிவிட்டார். உங்களுக்கும் ஒரு காலையில் இப்படிக் கை தொங்கினால் என்னைப் போலக் குளிரின் மேல் பழி போடாதீர்கள். உடனே டாக்டரிடம் போங்கள்.

"பெரும்பாலும் தானா சரியாயிடும். எப்போன்னு மட்டும் என்னால சொல்ல முடியாது," என்றார் அவர்.

ஃபோர்மேன் பாய்க்கு அந்த "எப்போ" தெரிந்தாக வேண்டும். "தோ மஹினா. உஸ்கே பாத் கலாஸ்," என்றார். இரண்டு மாதத்துக்குள் கை வராவிட்டால் என்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அதுவரை கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் குறிக்கும் வேலை.

பிசியோதெரபி (பயிற்சியால் தசைக்கு வலு ஏற்றும் சிகிச்சை) கொடுத்தவர் நாகர்கோவில்காரர். சரளா என்று பெயர். "வீட்டுல சும்மா கையை ஆட்டச் சொன்னா நீங்க ஆட்ட மாட்டீங்க. மர வேலை ஏதாச்சும் செய்யுங்க. உப்புத்தாள் தேயுங்க, பெயின்ட் அடிங்க. எல்லாம் வலது கையால," என்றார்.

மரத்துக்குப் பஞ்சமில்லை. கிடங்கின் பின்னால் உடைந்த பேலட் (சரக்கு அடுக்கித் தூக்கும் மரத்தட்டு) பலகைகள் மலையாகக் கிடந்தன. என் ரூம்மேட் செல்வராஜ், பரமக்குடிக்காரன், கான்கிரீட் ஊற்றுவதற்குப் பலகை அடிக்கும் ஷட்டரிங் கார்பென்டர். உளியும் கத்தியும் கொடுத்தான்.

"மாப்ள, நான் போடுறத எல்லாம் கான்கிரீட் காஞ்சதும் ஒடச்சுத் தள்ளிருவாய்ங்க. ஒடைக்காத சாமான் ஒண்ணாச்சும் செஞ்சு காட்டுடா பாப்போம்," என்றான்.

குளிர்காலம் எங்கள் கேம்ப்பின் நல்ல காலம். எல்லோரும் மங்கி குல்லாவோடு வாசலில்தான் இருப்போம். அந்த வெயிலில் உட்கார்ந்து ஓர் ஒட்டகம் செதுக்கத் தொடங்கினேன். வலது கையில் கத்தி நிற்கவில்லை. நழுவி நழுவி விழுந்தது. எரிச்சலில் கத்தியை இடது கைக்கு மாற்றினேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பிறவியில் நான் இடது கைக்காரன். பள்ளிக்கூடத்தில் ஸ்கேலால் அடித்து வலதுக்கு மாற்றினார்கள். இத்தனை வருடம் சோற்றில் படாமல் ஒதுங்கியிருந்த அந்தக் கை, கத்தி கிடைத்ததும் பிய்த்து உதறியது. கழுத்து வளைந்தது, திமில் எழுந்தது. ரூமே கூடி நின்று பார்த்தது. லீவில் போகிறவர்கள் ஆளுக்கொன்று கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று வாரத்தில் ஐந்து ஒட்டகம் செய்து முடித்தேன்.

நன்றாக வந்த ஒன்றைச் சரளாவிடம் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரொம்ப அழகா இருக்கு," என்றவர், என் வலது கையை எடுத்து மேசைமேல் வைத்தார். அதில் மூன்று இடத்தில் பிளாஸ்டர்.

"கத்தி பிடிக்கிற கையில எப்படிங்க வெட்டு விழும்? மரத்தைப் பிடிக்கிற கையிலதானே விழணும்?"

கையும் களவுமாகப் பிடிபட்டேன். அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை. சிரித்தார். சிரித்துவிட்டு, "உங்க இடது கைக்கு நான் வைத்தியம் பாக்கல. இன்னும் அஞ்சு வாரம்தான் இருக்கு," என்றார். அன்று வெட்கத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது.

திரும்பி வந்ததும் செல்வராஜிடம் சொன்னேன். அவன் என் இடது கையை நாற்காலிக் கையோடு துண்டால் கட்டினான். மரத்துண்டைப் பலகையில் ஆணியடித்து நிறுத்தினான். "இப்பச் செதுக்குடா," என்றான்.

வலது கை செய்த ஒட்டகத்தைப் பார்த்துக் கேம்ப் முழுக்கச் சிரித்தது. ஆடு என்றார்கள், ஸ்டூல் என்றார்கள். நானும் சிரித்தேன். அதை உப்புத்தாளால் தேய்த்தேன். பலகையைச் சுவரில் சாய்த்துக் கீழிருந்து மேலாகப் பெயின்ட் இழுத்தேன். ஒவ்வோர் இழுப்புக்கும் மணிக்கட்டு நிமிர்ந்தாக வேண்டும். ஜனவரிக் காற்றில் விரல் விறைத்துவிடும். டீ கிளாஸை இறுகப் பிடித்துச் சூடேற்றிக்கொண்டு மறுபடி இழுப்பேன். ஒரு வெள்ளிக்கிழமை மதியம், பிரஷ்ஷின் பாரத்தோடு மணிக்கட்டு ஓர் அங்குலம் தானாக எழுந்தது. செல்வராஜ்தான் முதலில் பார்த்தான். சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டான்.

பிப்ரவரியில் பாய் சாவியை நீட்டினார். வண்டியில் ஏறி லீவரைப் பின்னால் இழுத்தேன். பேலட் நடுங்காமல் மேலே போனது. "அச்சா. யல்லா, டூட்டி," என்று வேலைக்குப் போகச் சொல்லிவிட்டு அவர் நகர்ந்துவிட்டார். நான் அந்தப் பேலட்டைக் கீழே இறக்கி, தேவையே இல்லாமல் இன்னொரு முறை தூக்கினேன்.

இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் செதுக்குகிறேன். இடது கை செதுக்கும், வலது கை பெயின்ட் அடிக்கும். இடதை இனி யாரும் அடிக்க மாட்டார்கள். வலதை நான் அவசரப்படுத்துவதில்லை. ஓர் அங்குலத்துக்கு எத்தனை வாரம் ஆகும் என்று எனக்குத் தெரியும்.

அழகான ஒட்டகங்கள் எல்லாம் ஊருக்குப் போய்விட்டன. வலது கை செய்த அந்த ஸ்டூல் மட்டும் என் கட்டில் தலைமாட்டில் நிற்கிறது. காலையில் கண் விழித்ததும் அதைப் பார்த்து, தூக்கு என்று சொல்ல நினைக்கிறேன். சொல்வதற்குள் வலது கை அதை எடுத்துவிடுகிறது.