காய்ச்சல் என்று எழுதிய கடுதாசி

இன்று தேவாரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வடை மடித்துக் கொடுத்த காகிதம், யாரோ ஒரு பிள்ளையின் லீவு லெட்டர். ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்பதைத் தடுமாறாமல் வாசித்தேன். எனக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் வரி அது.

அஞ்சாம் வகுப்பு டீச்சர் எங்களை மனப்பாடம் செய்ய வைத்த வரி. லீவு கேட்டால் இங்கிலீஷில்தான் கேட்க வேண்டும் என்பார். ஒருநாள் காலையில் என்னைப் பெத்த அய்யா மலைமேல் ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு என்னை ஜீப்பில் ஏற்றினார்.

“பள்ளிக்கூடத்துல சொல்லலியே அய்யா.”

“நீதான் பெரிய எழுத்தாளியாச்சே, எழுதிக் குடு.”

ஈரச் சாக்கும் பெட்ரோலும் நாறிய ஜீப்பில், மடியில் நோட்டை வைத்து அந்த வரியையே எழுதினேன். என்னோடு படித்த பக்கத்து வீட்டு ராசாத்தி அதைப் பள்ளிக்கூடத்துக்கு வாங்கிக்கொண்டு போனாள்.

ஆறு மாதம் கழித்துத் திருவிழாவுக்கு மலையிறங்கியபோது அவளிடம் கேட்டேன். “டீச்சர் என்னடி சொன்னாக?”

“ஒரு தப்பு இல்லையாம்டி! எல்லாருக்கும் வாசிச்சுக் காமிச்சாக. ரெண்டு நாள்ல வந்துருவான்னாக.”

“நீயாச்சும் நெசத்தைச் சொல்லக் கூடாதா?”

“நீயே காய்ச்சல்னு எழுதிட்ட, நான் எதுக்குடி மாத்திச் சொல்லணும்?”

அந்த டீச்சர், வேலைக்குப் போன பிள்ளைகளை அப்பன்மாரோடு சண்டை போட்டு மீட்டு வந்தவர். நான் கடுதாசி எழுதிய அன்று ஆள் சேராமல் ஜீப் மதியம் வரை எங்கள் தெருமுக்கிலேயே நின்றது. நான் அதற்குப் பிறகு எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை.

‘என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போகிறார்கள், சீக்கிரம் வாங்க டீச்சர்’ என்று தமிழில் எழுத அன்றைக்கே எனக்குத் தெரியும்.