மார்கழியில் நாய்க்கு மொட்டை

மாலை போட்ட ஆளைத் திட்டக் கூடாதுன்னு எங்க வீட்டுல ஒரு சட்டம். பழனிக்கு நடந்து போக என் தம்பி மாலை போட்டுட்டா அன்னையிலிருந்து அவன் தம்பி இல்ல, சாமி. "சாமி சாப்பிடுங்க"ன்னு அம்மாவே மரியாதையா பேசும். நான் மூக்குச் சளி துடைச்சுவிட்டு வளத்த பய. எனக்கு வாயில வராது, இருந்தாலும் சொல்லித் தொலைப்பேன். போன மார்கழியிலதான் அந்தச் சட்டம் என் கழுத்தை நெரிச்சுச்சு.

எங்க வீட்டுல ஒரு பொமரேனியன் இருக்கு. வெள்ளை, பொட்டை நாய். ஆசைப்பட்டுக் குட்டியா தூக்கிட்டு வந்தது தம்பிதான். வந்ததோட சரி, ஒரு நாள் சீப்பைத் தொட்டிருப்பானா? வளக்குறது நான். கீழ் வீட்டுல அவனும் அவன் பொண்டாட்டியும் அம்மாவும் இருக்காங்க, மாடியில நானும் என் தையல் மிஷினும்.

குளிர் காலத்துல அதைப் பாத்துக்கிறது தனி வேலை. சிறுமலைப் பக்கமிருந்து காத்து அடிக்க ஆரம்பிச்சா குளிப்பாட்டுறதைக் குறைச்சிருவேன். குளிப்பாட்டினாலும் வெயில் நல்லா ஏறுனப்புறம், வெதுவெதுன்னு தண்ணியில. அதுக்கு ரெண்டு அடுக்கு முடி. மேல நீளமா ஒண்ணு, அடியில பஞ்சா ஒண்ணு. அடிமுடியில ஈரம் நின்னா நாறிப்போகும், புண்ணு வந்துரும். காதுக்குப் பின்னாடியும் கக்கத்துலயும் சிக்கு விழும். சீப்பை விட்டு இழுத்தா கடிக்க வரும், அதனால மொதல்ல விரலால பிரிச்சு விடணும். செத்த நேரத்துல அதுவே சொகம் கண்டு என் மடியில தூங்கிரும்.

சாமிக்கு அந்த முடிதான் ஆகல. விபூதித் தட்டுல முடி, பச்சை வேட்டியில முடின்னு தினம் ஒரு பிராது. "வீட்டுக்குள்ள வரணும்னா அதுவும் காலையில குளிச்சிட்டு வரட்டும்"னான். சும்மா சொல்றான்னு விட்டேன். மறுநாள் விடியக் காத்தால ஒரு முனகல் கேட்டு எட்டிப் பாத்தா, தொட்டித் தண்ணியைப் பக்கெட்டுல புடிச்சு நாய் மேல ஊத்திக்கிட்டிருக்கான். விரதம் இவனுக்கா, அதுக்கா? ஓடிப்போய்த் துண்டுல சுருட்டித் தூக்கிட்டு வந்தேன். "இனிமே இது மாடியிலயே இருக்கட்டும், சாமி"ன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னேன். அந்தச் 'சாமி'யில எம்புட்டு வெசம் இருந்துச்சுன்னு அம்மாவுக்குத் தெரியும். "ஏதும் பேசிராத, தெய்வக் குத்தம்"னுச்சு.

ஒரு ஞாயித்துக்கிழமை நாயைத் தம்பி பொண்டாட்டிகிட்ட விட்டுட்டு, கொடைரோட்டுல ஒரு காதுகுத்துக்குப் போயிட்டு சாயங்காலம் திரும்பி வந்தேன். கேட்டுச் சத்தம் கேட்டா நாய் பறந்து வரும், அன்னைக்கு வரல. மாடிப்படிக்குக் கீழ சாக்குக்குப் பின்னாடி என்னமோ ஒடுங்கிக் கிடந்துச்சு. தெருநாய்க் குட்டி எதுவோ நுழைஞ்சிருச்சுன்னு நினைச்சேன். ரோஸ் கலர்ல வெறும் தோலு, அங்கங்க ரத்தக் கீறல், மூஞ்சியிலயும் வாலுலயும் மட்டும் முடி. அதுபாட்டுக்கு நடுங்கிக்கிட்டு இருந்துச்சு. எங்க நாய்தான்.

"நான் வேணாம்னுதான் சொன்னேன் மதினி"ன்னு தம்பி பொண்டாட்டி அடுப்படிக்குள்ள போயிட்டா. அவன் சாவகாசமா சொல்றான்: "மாலை போட்டுட்டுத் தாடி எடுக்கக் கூடாது, ட்ரிம்மர் சும்மாதானக்கா கிடந்துச்சு. தொல்லை விட்டுச்சு. முடிதான, வளந்துரும்."

எருமை மாடேன்னு ஆரம்பிச்சு தெருவே கேக்குற மாதிரி வஞ்சிருப்பேன். தொண்டை வரைக்கும் வந்துருச்சு. அம்மா குறுக்க வந்து நின்னு, "அவன் கழுத்துல மாலை கிடக்கு. நல்லபடியா நடந்து போய்ச் சேரணும்"னுச்சு. எனக்கும் முருகன் மேல பயம் இருக்கத்தான் செய்யுது. நடக்குற ரோட்டுல லாரியும் பஸ்ஸுமா போகும், என் வாய் முகூர்த்தம் ஏதும் ஆயிட்டா? வாயை மூடிக்கிட்டேன். மூடுனது வாயைத்தான், கோவத்தை இல்ல.

ரெண்டு நாள்ல நாய்க்கு இருமல் வந்துச்சு, சோறு இறங்கல. கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன். டாக்டர் பாத்துட்டு, "இதுக்கு ஸ்வெட்டரே அந்த முடிதாம்மா. அதையா எடுப்பாங்க? இந்த ஜாதியில சில நாய்க்கு மழிச்சா திரும்பி முளைக்கவே முளைக்காது"ன்னாரு. தெம்புக்கு முட்டை குடுக்கச் சொன்னாரு. மாலை போட்ட வீட்டுல முட்டையான்னு அம்மா கையைப் பிசைஞ்சுச்சு. "மாடி வேற வீடு"ன்னு சொல்லி என் அடுப்புலயே வேக வச்சேன். பழைய சால்வையை வெட்டி அதுக்கு ஒரு சட்டை தச்சேன். இருமல் நிக்குற வரைக்கும் மிஷினுக்குப் பக்கத்துலயே போட்டு வச்சிருந்தேன், பொழைக்குமோ பொழைக்காதோன்னு துணியை விட அதைத்தான் அதிகம் பாத்தேன்.

பொழைச்சிருச்சு. தைப்பூசத்துக்கு அவன் கூட்டத்தோட கிளம்பினான். வழியனுப்ப நான் கீழ இறங்கல.

திரும்பி வந்தான். மாலையைக் கழட்டியாச்சு, தலையில மொட்டை. இனி அவன் சாமி இல்ல, வெறும் தம்பி. மனசுக்குள்ள சேத்து வச்சிருந்தது அம்புட்டையும் கொட்டிரணும்னு காலையிலயே கீழ இறங்கினேன். வாசப்படியில குரங்குக் குல்லா போட்டு உக்காந்திருந்தான். "பனி மண்டைக்குள்ள இறங்குதுக்கா"ன்னான். எனக்குப் பின்னாடி வந்த நாய், என்னைத் தாண்டி ஓடி, அவன் மடியில தலையை வச்சு வாலை ஆட்டுது. அதுக்குக் கோவமே இல்ல.

அவன் தடவிக் குடுத்துக்கிட்டே சட்டையை விலக்கிப் பாத்தான். முதுகு பூரா வெறும் தோலு, அதுவும் கறுத்துப்போய்க் கிடந்துச்சு. கையை எடுத்துட்டான். "இன்னும் முளைக்கலையாக்கா?"

"இனி முளைக்கிறது சந்தேகம்னு டாக்டர் சொல்லிட்டாரு."

குல்லாவுக்கு மேலயே தலையைத் தடவிக்கிட்டான். சேத்து வச்ச வசவுல ஒண்ணுகூட எனக்கு வரல.

"ஒனக்குச் சித்திரைக்குள்ள வளந்துரும்டா. மொட்டைக்கு வேண்டிக்கிட்டது நீ, அது இல்ல"ன்னேன்.