செவ்வாய் ராத்திரி நாலு பத்து

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஒரு வரி அடித்து முடித்துத் தலையை இழுத்துக்கொள்ளும் அந்தச் சத்தம்... யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடிப்பது போலிருக்கும்.

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்கள். டிப்ளமோ முடித்துவிட்டு, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் எனக்கு வேலை. வாசலில் 'கம்ப்யூட்டர் ஜாதகம்' என்று போர்டு. பிறந்த தேதி, நேரம், ஊர்... மூன்றையும் டைப் செய்தால் கட்டம் போட்டுப் பத்துப் பக்கம் வரும்.

எனக்கு ஜாதகத்தில் நம்பிக்கை கிடையாது. சாஃப்ட்வேரில் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். ரெட்டியார்சத்திரத்து விவசாயி ஒருவர், முந்தின வாரம் நான் அடித்துக் கொடுத்த மகன் ஜாதகத்தை மேசையில் வைத்து, நட்சத்திரம் தப்பு என்றார். கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது என்றேன், முகத்தைக்கூடப் பார்க்காமல்.

"வெள்ளிக்கிழம ராத்திரி மூணு மணின்னு எழுதிக் குடுத்தேன் தம்பி. நீங்க என்னைக்குப் போட்டீக?"

"வெள்ளிக்கிழமதான். மூணு ஏ.எம்."

"அது வியாழக்கிழம ராத்திரில்ல? இவன் வெள்ளிக்கிழம ராச்சோறு தின்னு படுத்தப்பொறம் பொறந்தவன்."

நம் ஊரில் விடிந்தால்தான் அடுத்த கிழமை. சாஃப்ட்வேருக்குப் பன்னிரண்டு மணி தாண்டினாலே அடுத்த நாள். அந்த ஒரு நாளில் சந்திரன் ஒரு நட்சத்திரம் நகர்ந்துவிடும்.

தேதியை மாற்றி அடித்துக் கொடுத்தேன். அவர் சரிபார்த்து, மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அக்கா ஜாதகத்தையும் அடித்தது நான்தான்.

அப்பா கருப்புச்சட்டைக்காரர். எங்களுக்கு ஜாதகம் எழுத விடவில்லை. அதனால் எங்கள் நட்சத்திரம் என்னவென்றே தெரியாது, கோயிலுக்குப் போனாலும் அம்மா சாமியின் பேருக்குத்தான் அர்ச்சனை செய்வார். அக்காவுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தபோது எல்லாரும் ஜாதகம் கேட்டார்கள். அம்மா பழைய பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் குறித்து வைத்திருந்தார்... செவ்வாய்க்கிழமை, ராத்திரி 4.10.

அதை நான் செவ்வாய், நாலு பத்து, ஏ.எம். என்று போட்டேன். ஆயில்யம் வந்தது.

ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்பார்கள். இரண்டு வருடம் வந்தவர்கள் எல்லாம் அதைக் கேட்டதும் எழுந்தார்கள். ஆயக்குடியில் இருந்து கூடை நிறையக் கொய்யாவோடு வந்த குடும்பம், கூடையை மட்டும் விட்டுவிட்டுப் போனது. கடைசியில் சேவுகம்பட்டியில் ஒருவர் கிடைத்தார். வயது நாற்பத்து நாலு. மனைவி இறந்துவிட்டார். பத்தாவது படிக்கிற மகன் உண்டு. அவருக்கு அம்மா கிடையாது. அந்த இல்லாத அம்மாதான் அவருக்குத் தகுதி.

அக்காவுக்கு இருபத்தாறு. வெள்ளிக்கிழமை பூ வைக்க வருகிறார்கள்.

தேதியைத் திருத்தி அடித்தேன். நறநற... நறநற... மகம். யாருக்கும் ஆட்சேபணை இல்லாத நட்சத்திரம்.

காகிதத்தைக் கிழித்துக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். மணி மூன்றரை. செவ்வாய் ராகு காலத்தில் அக்கா மலையடிவாரக் கோயிலில் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்குப் போடும் நேரம். சன்னதியில் ஐம்பது பெண்களாவது இருப்பார்கள். நெய் வாசனை, புகை, வெயில். அக்கா பழத்தைப் பிழிந்து, தோலைக் கிண்ணம் மாதிரி குடைந்துகொண்டிருந்தாள். ஓரமாகக் கூப்பிட்டு, மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

அக்கா டுடோரியலில் கணக்கு டீச்சர். இரண்டாம் தடவை விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அப்ப ரெண்டு வருசமா நான் இன்னொருத்தி ஜாதகத்துல இருந்திருக்கேன்."

அடிப்பாள் என்று நின்றேன். அடித்திருக்கலாம். இதை வீட்டில் காட்டினால் எல்லாம் நின்றுவிடும், இப்பவே போகலாம் என்றேன். காகிதத்தை வாங்கினாள். படிக்கவில்லை. துர்க்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நெய்யும் எலுமிச்சைச் சாறும் ஒட்டியிருந்த கையை, விரல் விரலாக, அதில் துடைத்தாள்.

"ஏலே, இந்தத் தாளக் காட்டி நிப்பாட்டுனா, நாளைக்கு இன்னொரு தாளக் காட்டி நடத்திருவாக. நீ வாயத் தொறக்கக் கூடாது."

மீதி விளக்குகளைப் போட்டாள். அவசரமே இல்லாமல் மூன்று சுற்றுச் சுற்றினாள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்று சொன்னாள். "எனக்கு அவரு வேணாம். வெள்ளிக்கிழம வர வேணாம்னு சொல்லிருங்க."

ஆயில்யத்துக்கு வேறு எவன் வருவான் என்று அம்மா அழுதார். என் நாக்கு நுனியில் மகம் நின்றது. அக்கா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். விழுங்கிவிட்டேன். அக்கா அம்மாவைப் பார்த்து, "காரணம் ஒண்ணும் இல்லம்மா. வேணாம்" என்றாள்.

அப்பா பேப்பரை மடித்தார். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு எஸ்.டி.டி பூத்துக்குப் போனார். வெள்ளிக்கிழமை யாரும் வரவில்லை.

அம்மா ஒரு மாதம் அக்காவோடு பேசவில்லை. அக்கா செவ்வாய்க்கிழமை விளக்கை நிறுத்தவும் இல்லை. இப்போது எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். "அன்னைக்கு அந்த வாசப்படில நிக்க யாரு தெம்பு குடுத்தான்னு நெனைக்கிற?" என்றாள்.

மூன்று வருடம் கழித்து, கூட வேலை பார்த்த ஒருவரை அவளே வீட்டுக்கு அழைத்து வந்தாள். அவருடைய அம்மா நட்சத்திரம் கேட்கவில்லை, காபியில் சர்க்கரை குறைவு என்று மட்டும் சொன்னார். எழுபத்தைந்து தாண்டி இன்னும் மருமகளோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். எல்லாம் அந்த எலுமிச்சை விளக்கின் புண்ணியம், இல்லாவிட்டால் ஆயில்யத்துக்கு இதெல்லாம் நடக்குமா என்கிறார் எங்கள் அம்மா. அவர் பேஸ்புக்கில் இல்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது ஜாதகம் போனிலேயே வருகிறது. நறநறச் சத்தம் இல்லை, ஒரு நொடி. போன வாரம் என் மகள் தன்னுடையதை எடுத்து அக்காவிடம் நீட்டினாள். அக்கா அடுப்படியில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். கை நிறைய எண்ணெய். ஸ்க்ரீனை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்...

"நல்லாத்தான் இருக்கு. ஆனா கை தொடைக்க ஆகாதே."

மகளுக்குப் புரியவில்லை. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.