கிணற்றுச் சுவரில் ஒன்றரை அடி

அலுவலகத்தில் அவளுக்குச் சாக்பீஸ் அக்கா என்றுதான் பெயர். ஆலையும் சாலையும் மட்டுமல்ல, மண்ணுக்கடியில் கிடக்கும் தண்ணீரும் நாட்டின் செல்வம்தான் என்று கணக்கெடுக்கும் துறை அது. இரும்பு நாடாவில் சாக்பீஸைத் தேய்த்துக் கிணற்றுக்குள் இறக்கி, ஈரம் பட்ட கோட்டை வைத்துத் தண்ணீர் எத்தனை அடி கீழே இருக்கிறது என்று சொல்வது அவள் வேலை. பதினெட்டு வருடத்தில் அவள் எண்ணை யாரும் குறை சொன்னதில்லை. அந்தக் கர்வம் கொஞ்சம் உண்டு, இருக்கட்டுமே.

வட்டாரத்துக்கே அளவுகோலான பெரிய கிணற்றில் இந்த வருடம் நீர் இறங்கவே இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தாள். அதை நம்பித்தான் ஊரில் வரப்போகும் இரண்டாவது ஆலைக்குத் தண்ணீர் எடுக்க அனுமதி. அன்று பதினொரு மணிக்கு மாடியில் அதிகாரியின் கையெழுத்து. எட்டு மாதமாக வீட்டில் மோட்டுவளையைப் பார்த்துக் கிடந்த அவள் கணவனுக்கு அந்த ஆலையில் வேலை உறுதியாகியிருந்தது.

பத்தே முக்காலுக்கு, அலுவலகப் படிக்கட்டைப் பூசிக்கொண்டிருந்த கொத்தனார் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"அக்கா, போன வருஷம் உங்க பெரிய கிணத்துச் சுவரை இடிச்சுக் கட்டினது நான்தான். ஒண்ணரை அடி குறைச்சிட்டேன். எட்டிப் பார்க்க வசதியா இருக்குமே?"

அவள் அங்கேயே நின்றுவிட்டாள். சுவரின் விளிம்பிலிருந்துதான் அவள் அளப்பாள். விளிம்பு ஒன்றரை அடி கீழே வந்தும் எண் மாறவில்லை என்றால், தண்ணீரும் ஒன்றரை அடி கீழே போயிருக்கிறது. புதுச் சுண்ணாம்பைப் பார்த்தவள் உயரத்தைப் பார்க்கவில்லை. பதினெட்டு வருட அனுபவமாம், மண்ணாங்கட்டி!

கைப்பேசி அடித்தது. கணவன்தான்.

"கையெழுத்து ஆயிடுச்சா? சட்டையைத் தேய்ச்சுப் போட்டுட்டேன்."

"இன்னும் இல்லங்க," என்று வைத்துவிட்டாள்.

வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. தான் சொன்னதன் அர்த்தம் கொத்தனாருக்கே தெரியாது. மாடிப்படியில் பாதி தூரம் இதையே சொல்லிக்கொண்டு ஏறினாள். மீதிப் பாதியை ஓடியே கடந்தாள்.

அதிகாரி பேனாவைத் திறந்துவிட்டார்.

"சார், நிறுத்துங்க. என் அளவு தப்பு."

"இப்போ வந்து சொல்றீங்க? இது உங்க தலையிலதான் விடியும், தெரியுமா?"

"தெரியும் சார். தண்ணி ஒண்ணரை அடி இறங்கியிருக்கு. அப்படியே எழுதிக்கோங்க."

அதிகாரி அவளை முறைத்தார். பிறகு பேனாவை மூடினார்.

மாலை வீட்டு வாசலில் கணவன் தேய்த்த சட்டையோடு நின்றிருந்தான். அவள் ஒன்று விடாமல் சொன்னாள். கோபத்தில் அவன் முகம் சிவந்தது. உள்ளே போகத் திரும்பியவன் வாசற்படியில் நின்றான்.

"நம்ம கிணத்துலயுமா?"

"எல்லாம் ஒரே தண்ணிதாங்க."

சட்டைப் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டே பின்கட்டுக்குப் போய், அவன் கிணற்றை எட்டிப் பார்த்தான்.