கேட்க வராத பதினொரு பேர்

பட்டாபிராமிலிருந்து ஸ்டெல்லாவின் தம்பி போன் செய்தபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். "அக்கா பூட்டுச்சிண்ணா" என்றார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஐந்து நிமிடம் எழுந்து போனால்கூடச் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போகிறவர், இப்படியா சொல்லாமல் கொள்ளாமல் போவது?

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வால்வு கம்பெனியில் எங்களோடு இருந்தவர்களுக்கு அவரைத் தெரியும். தொண்ணூறுகளின் தொடக்கம். ஒரே கம்ப்யூட்டர், அதில் மாட்டிய இரண்டு பச்சைத் திரைகள், அவருக்கொன்று, எனக்கொன்று. மவுஸ் கிடையாது, படம் கிடையாது. கட்டளையைத் தட்டினால் எழுத்து வரும், அவ்வளவுதான். நான் கோப்பு முழுவதையும் கடகடவென்று ஓடவிடுவேன். அவர் பக்கம் பக்கமாக நிறுத்திப் படிப்பார். "இன்னா அவசரம்? ஒவ்வொரு வரியும் ஒரு ஆளுப்பா" என்பார்.

அந்த வருஷம் தற்காலிகத் தொழிலாளர்களை நிரந்தரமாக்கப் போவதாகச் சொன்னார்கள். யார் எத்தனை நாள் வேலை பார்த்தார் என்ற பட்டியல் எங்களிடம் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே கூட்டம் நிற்கும். "அதுல எம் பேரு கீதாம்மா?" ஸ்டெல்லா பெயரைத் தேடி, திரையைத் திருப்பி அந்த ஒற்றை வரியைக் காட்டுவார். "கீது பாரு நைனா, போய்த் துன்னு." பிறகு கட்டளையில் இரட்டை அம்புக்குறி (>>) போட்டு, அந்த வரியை இன்னொரு கோப்பின் அடியில் சேர்த்துவைப்பார். இதென்ன வெட்டி வேலை என்று கிண்டல் செய்தேன். "யாருக்குச் சொன்னோம்னு தெரிய வேணாமா?" என்றார்.

பட்டியல் அனுப்ப வேண்டிய நாள் காலையில், அகரவரிசைப்படுத்துகிறேன் பேர்வழி என்று நான் உட்கார்ந்தேன். வரிசைப்படுத்தியதை அதே கோப்பில் எழுதச் சொல்லி ஒற்றை அம்பு போட்டுத் தட்டிவிட்டேன். ஒற்றை அம்பு முதலில் கோப்பைக் காலி செய்யும், வரிசைப்படுத்துவதெல்லாம் அப்புறம்தான். எங்கள் தொழிலில் இது பாலபாடம். திறந்து பார்த்தால் ஒரு வரிகூட இல்லை. நகல் எடுக்கவில்லை, திமிர். வருகைப் பதிவு நோட்டுகள் எல்லாம் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டன. மூன்று மணிக்குள் போகிற பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு நிரந்தரம் இல்லை. ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுக் காலித் திரையைக் காட்டினேன்.

"ஐயோ மாதாவே!" என்றார் ஸ்டெல்லா. அதோடு சரி, திட்டவில்லை. தன் கோப்பைத் திறந்தார். ஜன்னலுக்கு வந்து கேட்ட அத்தனை பேரும் நாள் கணக்கோடு அதில் இருந்தார்கள். இரண்டு தடவை கேட்டவர்களை ஒரே கட்டளையில் ஒன்றாக்கினார். வாசல் வாட்ச்மேனிடம் இருந்த பெயர்ப்பட்டியலோடு ஒப்பிட்டார். பதினொரு பேர் குறைந்தார்கள். ஒரு நாள்கூடக் கேட்க வராதவர்கள்.

என்னை இழுத்துக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினார். அவரவர் கையிலிருந்த வருகை அட்டையை வாங்கி நாள் கணக்கை எழுதினோம். கடைசி ஆள், ஷெட் பெருக்கும் கன்னியம்மா. "நீ ஏம்மா வந்து கேக்கல?" என்றார் ஸ்டெல்லா. "இல்லன்னு சொல்ட்டா தாங்கமாட்டேம்மா. அதான் வரல" என்றார் கன்னியம்மா. அந்த அட்டையில் ஒரு நாள்கூட விடுபடவில்லை. ஸ்டெல்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

பட்டியல் போய்ச் சேர்ந்தது. எல்லோருக்கும் வேலை நிலைத்தது. அன்று சாயங்காலம் கன்னியம்மா எனக்கு ஒரு டீ வாங்கி வந்து கொடுத்தார். எதற்கென்று எனக்குப் புரியவில்லை. கோப்பை அழித்தது யார் என்று ஸ்டெல்லா யாரிடமும் சொல்லவில்லை என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

ஸ்டெல்லாவின் அடக்கத்துக்குக் கன்னியம்மாவும் வந்திருந்தார். மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன்: "அன்னிக்கி உங்க பேரை அழிச்சது நான்தாம்மா."

"தெரியும் சார். அந்தம்மா அன்னிக்கே சொல்லிச்சே! 'பாவம், பயந்துகினு கீறான், ஒரு டீ வாங்கிக் குடு'ன்னுச்சி."

இப்போதும் எந்தப் பட்டியல் கைக்கு வந்தாலும், அனுப்புவதற்கு முன் எழுந்து போய், யார் இன்னும் கேட்க வரவில்லை என்று பார்த்துவிட்டு வருகிறேன். அது ஸ்டெல்லா கொடுத்தது. அந்த டீயும்தான்.